தம்பியின் ஆப்பிளும் தங்கையின் ஓவர்டைமும்

எங்கள் வீட்டில் பங்காளிச் சண்டை வந்ததே கிடையாது. பங்கு போட எதுவும் இல்லாததுதான் காரணம். அணைக்கட்டில் ஒரு ஓட்டு வீடு, பின்னால் ஒரு முருங்கை மரம், அதில் நிரந்தரமாகக் குடியிருக்கும் கம்பளிப்பூச்சிகள். இவ்வளவுதான் சொத்து. அப்படிப்பட்ட வீட்டில் 2024 தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது யுத்தம் மூண்டது. காரணம், செல்போன்.

யுத்தத்தில் இறங்கியவர்களை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். நான் மூத்தவன். பி.காம். பத்திரிகைகளில் எழுதுவேன், எழுத்து சோறு போடாத மாதங்களில் நாலைந்து கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதுவேன். (பெரும்பாலும் கணக்குதான்.) தம்பி, ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனி ஆபீஸில் இன்வாய்ஸ், ஷிப்பிங் பில் போடுகிறவன். தங்கை, சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு போன் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு ஹாஸ்டலில் இருக்கிறாள். அப்பா, ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் முப்பது வருஷம் தோல் வெட்டி ஓய்வு பெற்றவர். அம்மா... அம்மாதான் ஐ.நா. சபை. கண்டனத் தீர்மானம் போடுவாள், யாரும் கேட்கமாட்டோம்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது தம்பி சாதாரணமாக, உப்பு கேட்கிற குரலில் சொன்னான்:

"ஐபோன் 16 வாங்கலாம்னு இருக்கேன்."

"எவ்ளோ?" என்றார் அப்பா.

"79,900."

அம்மா ரசக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அப்பா காது கேட்காதவர் போல் என்னைப் பார்த்தார். "இன்னாடா சொல்றான் இவன்? வண்டியா?"

வண்டி இல்லை, போன்தான் என்று நான் மொழிபெயர்த்தேன்.

இதில் ஒரு சங்கடம். அதே வாரம் நானும் ஒரு போன் வாங்கியிருந்தேன். ரெட்மி 13 5ஜி. தீபாவளித் தள்ளுபடி போக 12,499 ரூபாய். அதை டப்பாவைவிட்டு வெளியே எடுத்து ஒரு சாமந்திப் பூ வைத்து, குங்குமம் இட்டு, இன்னும் பெருமை ஆறவில்லை. அதற்குள் வீட்டுக்குள் ஆப்பிள் விழுந்துவிட்டது.

மறுநாள் வேலூரில் கடை. துணைக்கு நானும் போனேன். (பி.காம். படித்தவனை வீட்டில் இதற்கெல்லாம்தான் அழைப்பார்கள்.) கடைப் பையன் 'சார், ஸீரோ இன்ட்ரஸ்ட் சார், இருபத்திநாலு மாசம், மாசம் 3,329தான் சார்' என்று ஸ்லோகம் மாதிரி ஒப்பித்தான். எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த வணிகவியல் விழித்துக்கொண்டது.

"தம்பி, வட்டியில்லாத கடன்னு ஒண்ணு உலகத்துல கிடையாது. 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி இதைச் சொல்லி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விட்டிருக்கு. வட்டியை யாரோ ஒருத்தர் கட்டறாங்க. ரொக்கமா வாங்கினா உனக்குக் கிடைச்சிருக்க வேண்டிய தள்ளுபடிதான் அங்க வட்டியா போவுது."

கடைப் பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். தம்பி பார்க்கவே இல்லை. கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

பில் வந்தது. கணக்கு எழுதுகிறவன் பில்லைப் பார்த்தால் கீழிருந்து மேலாகப் படிப்பான். செல்போனுக்கு 2020 ஏப்ரல் முதல் 18 சதவீத ஜிஎஸ்டி. 79,900-க்குள் அது எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன். 12,188 ரூபாய்! அதாவது ஸ்வாமி, தம்பி தன் போனுக்குக் கட்டிய வரியோடு 311 ரூபாய் சேர்த்தால் என் போன் முழுசாக வந்துவிடும். பஸ்ஸில் திரும்பும்போது இதை அவனிடம் சொன்னேன். 'உன் போன் என் போனோட வரிண்ணா' என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஊசூர் வரும்வரை எனக்குப் பேச்சு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா இரண்டு போனையும் கேட்டு வாங்கினார். திண்ணையில் வெளிச்சம் பார்த்து உட்கார்ந்தார். எங்களுக்குப் புரிந்துவிட்டது. தோல் பார்க்கப் போகிறார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு முழுத் தோலை மேஜையில் விரித்தால் எல்லா இடமும் ஒன்றில்லை. முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும். வயிற்றுப் பக்கம் தொளதொள. நல்ல கட்டர் முதுகிலிருந்து ஷூவின் முன்பக்கத்தை எடுப்பான். வெளியில் தெரியாத துண்டுகளுக்கு வயிறு. பாதத்தின் இழுப்புக்கும் தோலின் இழுப்புக்கும் திசை பார்த்து வெட்ட வேண்டும். கட்டை விரலால் அழுத்தினால் எழும் சுருக்கத்தை வைத்தே அப்பா சரக்கின் தரம் சொல்லிவிடுவார். தோலை இரண்டாகச் சீவி, கீழ் அடுக்குக்கு மேலே பூச்சு கொடுத்து மேல் அடுக்கு மாதிரி மினுக்கி விற்பதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க மேலே பார்த்தால் போதாது. வெட்டின ஓரத்தைப் பார்க்க வேண்டும்.

அப்பா போன்களின் ஓரத்தைப் பார்த்தார். அழுத்தினார். காதோரம் வைத்துத் தட்டினார். முகர்ந்தும் பார்த்தார். (அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.) கடைசியில் இரண்டையும் கீழே வைத்துவிட்டு, "ரெண்டும் நல்லாத்தான் கீது. வெட்டினாத்தான் தெரியும்," என்று தீர்ப்புச் சொன்னார்.

வெட்ட நாங்கள் சம்மதிக்கவில்லை.

அடுத்த சில மாதங்கள் நானும் தம்பியும் திண்ணையில் நடத்திய பட்டிமன்றங்களை எழுதினால் தனித் தொடர் போடலாம். என் போனில் 108 மெகா பிக்சல் கேமரா, அவனுடையதில் 48. என் திரை வினாடிக்கு 120 தடவை புதுப்பித்துக்கொள்ளும், அவனுடையது 60. எனக்கு டப்பாவுக்குள்ளேயே சார்ஜர் வந்தது. அவனுக்கு ஒயர் மட்டும். ஐபோனோடு சார்ஜர் தருவதை ஆப்பிள் 2020 அக்டோபரிலேயே நிறுத்திவிட்டது. ஆக, 79,900 ரூபாய் போன் பல ராத்திரி என் சார்ஜரில்தான் பால் குடித்தது. இதை நான் சும்மா விடுவேனா? வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் தோற்றேன். அதை மறைத்தால் பாவம். தீபாவளி அன்று காலை, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு அம்மா அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக ஒரு துண்டு வெயில். இருவரும் ஒரே நேரத்தில் படம் எடுத்தோம். என் படத்தில் வடை நன்றாக வந்திருந்தது. அம்மா பளபளவென்று, நகைக்கடை விளம்பரத்துக்கு வந்தவள் மாதிரி இருந்தாள். அவன் படத்தில் அம்மா அம்மாவாகவே இருந்தாள். கன்னத்துச் சுருக்கம், நெற்றியில் வேர்வை, அடுப்புப் புகைக்குக் கண்ணைச் சுருக்கியது எல்லாம். மெகா பிக்சல் என்பது சாம்பார் வாளியின் அளவு. ருசி வேறு சமாசாரம் என்று அன்று தெரிந்தது. அந்தப் படத்தை வாங்கி என் போனின் முகப்பில் வைத்துக்கொண்டேன். எங்கே எடுத்தது என்று யாரிடமும் சொல்லவில்லை.

தம்பியிடம் இன்னொரு வலுவான வாதமும் இருந்தது. "ணா, 2018-ல வந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு 2024-ல வந்த ஐஓஎஸ் 18 கூடக் கிடைச்சுது. 2025 வரைக்கும் அதைத் தள்ளலை. உங்க மலிவு போனுங்க ரெண்டு வருஷத்துல அநாதையாயிடும்." மலிவு போன்களைப் பற்றிப் பொதுவாகச் சொன்னால், ரொம்ப நாள் அதுதான் நிலைமை. ஆனால் காற்று மாறிவிட்டது. சாம்சங் 2024-ல் ஏ16 5ஜி என்று 20,000-க்குள் ஒரு போனை விட்டு, ஆறு தலைமுறை ஆண்ட்ராய்டு தருவதாக வாக்குக் கொடுத்தது. வாக்கு காப்பாற்றப்படுகிறதா என்று 2030-ல் பார்த்துக்கொள்ளலாம்.

மலிவாக எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். ஷாவ்மி கம்பெனியின் லேய் ஜுன் 2018 ஏப்ரலில், போன் முதலான சாமான்களில் எங்கள் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று பகிரங்கமாக அறிவித்தார். மிச்சத்தை? இன்டர்நெட் சேவையில், விளம்பரத்தில் பார்த்துக்கொள்வார்கள். விருந்துக்குக் காசு வாங்காமல் வாசலில் செருப்புப் பாதுகாக்கக் காசு வாங்குவது மாதிரி. ஆப்பிள்காரர் விருந்துக்கே வாங்கிவிடுகிறார்.

2025 பொங்கலுக்குத் தங்கை வந்தாள். தம்பி அவளுக்காகவே ஐபோனைத் துடைத்து வைத்திருந்தான். மேலே ஒரு கண்ணாடி மாதிரிக் கவர். (ஆப்பிள் படம் தெரியாமல் போனால் 79,900 எதற்கு?) அவள் கையில் வாங்கினாள், ஒரு தரம் திருப்பிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"எப்டிடீ கீது?" என்றார் அப்பா.

"நல்லாருக்குப்பா. டப்பா எங்க சின்னண்ணா?"

டப்பாவில் பொடி எழுத்தில் 'அசெம்பிள்டு இன் இந்தியா' என்று இருந்தது. தங்கை அதை மட்டும் படித்துவிட்டுச் சிரித்தாள். நீ செய்ததா என்று தம்பி கேட்டான். "தெரியலை, இருக்கலாம்" என்றாள். அவள் அங்கே சரியாக என்ன வேலை செய்கிறாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்டால், 'வெளிய சொல்லக்கூடாதுண்ணா' என்பாள். உளவுத் துறையில் தங்கை இருப்பது மாதிரி ஒரு பெருமை அப்பாவுக்கு. அவளிடம் இருப்பது என்னுடையதைவிட மட்டமான ஒரு பழைய போன். லைனுக்குள் அதைக் கொண்டுபோக முடியாது. வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

பள்ளிகொண்டா கூட்ரோட்டில் நின்று பார்த்தால் எங்கள் குடும்ப வரலாறு மொத்தமும் தெரியும். இடது பக்கம் பஸ் ஏறினால் ஆம்பூர், வாணியம்பாடி. தோல், ஷூ. வலது பக்கம் ஏறினால் வேலூர், வாலாஜா, காஞ்சிபுரம் தாண்டி சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர். போன். அதே பெங்களூர்-சென்னை ரோடு. ஃபாக்ஸ்கான் அங்கே 2019-ல் ஐபோன் எக்ஸ்ஆரில் ஆரம்பித்து, வருஷா வருஷம் புது மாடல் செய்துகொண்டு வருகிறது. என் ரெட்மியின் மூதாதையர்களையும் அதே ஃபாக்ஸ்கான் குழுமம்தான் 2015-ல் ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் செய்யத் தொடங்கியது, பிறகு ஸ்ரீபெரும்புதூரிலும். பெரிய இடத்துப் பிள்ளையும் எளிய இடத்துப் பிள்ளையும் ஒரே மருத்துவச்சி கையில் பிறந்தவர்கள்!

அப்பாவுக்கு அந்த வலது பக்கத்து ரோட்டின் மேல் முழு நம்பிக்கை கிடையாது. நியாயம் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-ல் வந்தபோது, எங்கள் தெரு அக்கா ஒருத்தி அங்கே வேலைக்குப் போனாள். முதல் வருஷ போனஸில் அவள் அப்பாவுக்கு நோக்கியா 1100 வாங்கிக் கொடுத்தாள். டார்ச் லைட் வைத்த போன். 25 கோடிக்கு மேல் விற்ற மாடல். அதை வைத்து அவர் ராத்திரி கொல்லைக்குப் போவார். பேசி நான் பார்த்ததில்லை. 2014 நவம்பர் 1-ம் தேதியோடு அந்த ஆலை மூடப்பட்டது. அக்கா பெட்டியோடு திரும்பி வந்தாள். அதே 2014 ஜூலையில்தான் ஷாவ்மி இந்தியாவுக்குள் வந்தது. மூடின ஆலையை அப்புறம் 2019-ல் எடுத்துக்கொண்டது சால்காம்ப் என்ற கம்பெனி. எதற்கு? சார்ஜர் செய்ய. ஆப்பிளுக்கு!

ஆகவே 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற மாதிரி சிப்காட் ஹாஸ்டல் திறந்தார்கள் என்று பேப்பரில் படித்துக் காட்டினபோதும் அப்பா, "கட்டடம் நல்லாத்தான் கீது. கம்பெனி எத்தினி வருஷம் கீது?" என்றுதான் கேட்டார். முப்பது வருஷம் ஒரே கம்பெனியில் இருந்தவர். ஆம்பூர் ரோடு அசையாது, சென்னை ரோடுதான் ஆடும் என்பது அவர் கணக்கு.

கணக்கு தலைகீழாக விழுந்தது.

2025 ஆகஸ்டு 27-ம் தேதி முதல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ஷூ, ஜவுளி, இறால், நகை எல்லாம் மாட்டிக்கொண்டன. ஸ்மார்ட்போனுக்கு விலக்கு. அதற்கு முன்னால் அந்த வருஷம் மே மாதமே ஆப்பிளின் டிம் குக், அந்தக் காலாண்டில் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் பெரும்பாலானவை இந்தியாவில் செய்தவையாக இருக்கும் என்று சொல்லியிருந்தார். அதாவது, எங்கள் வீட்டில் இரண்டு பேர் அமெரிக்காக்காரனுக்காக உழைத்தார்கள். இடது பக்கம் பஸ் ஏறியவன் சரக்குக்கு வரி. வலது பக்கம் ஏறியவள் சரக்குக்கு இல்லை.

தம்பி கம்பெனியில் முதலில் ஓவர்டைம் நின்றது. அப்புறம் சில ஆர்டர்களை 'கொஞ்சம் பொறுங்கள்' என்று வாங்குகிறவர்கள் நிறுத்தினார்கள். இன்வாய்ஸ் போட சரக்கு இல்லாமல் இன்வாய்ஸ் போடுகிறவன் என்ன செய்வான்? பழைய ஃபைல்களுக்கு நம்பர் ஒட்டினான். செப்டம்பர் சம்பளம் இரண்டு துண்டாக வந்தது. முதல் துண்டு வீட்டுக்கு. இரண்டாவது துண்டு வருவதற்குள் அக்டோபர் 5-ம் தேதி வந்துவிட்டது. தவணை பவுன்ஸ். 500 ரூபாய் அபராதம். அன்று முழுக்க அந்த ஐபோன் அடித்துக்கொண்டே இருந்தது. எண்பதாயிரம் ரூபாய் போனில் கடன்காரன் குரல் எவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதற்கு நடுவில் வெந்த புண்ணில் வேல். செப்டம்பரில் ஐபோன் 17 வந்ததும், 16-ன் விலையைக் கம்பெனியே 69,900 ஆக்கிவிட்டது. தம்பி மட்டும் 79,900-க்கே தவணை கட்டிக்கொண்டிருந்தான்.

ராத்திரி என்னிடம் வந்து உட்கார்ந்தான். "ணா, வித்துடலாமா? கணக்குப் போட்டுச் சொல்லு."

பத்து மாதமாக இந்த வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தேன். வந்தபோது சந்தோஷமாக இல்லை.

போட்டேன். கட்டியது 11 தவணை, 36,619. பாக்கி 43,281. வேலூர் கடையில் போனுக்கு விலை கேட்டோம், 41,000 என்றான். ஆக, போனையும் கொடுத்துவிட்டு மேலே 2,281 ரூபாய் கடனாளியாக நிற்க வேண்டும். பதினொரு மாதம் போனை வாடகைக்கு வைத்திருந்த மாதிரி. சும்மா இருக்காமல் என் ரெட்மிக்கும் விலை கேட்டு வைத்திருந்தேன். 4,000 சொன்னான், அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு.

தம்பி விடவில்லை. "பாத்தியா, என் போன் பாதி விலைக்குப் போவுது. உன்னுது மூணுல ஒரு பங்குகூடத் தேறலை. சதவீதம் பாரு."

வாஸ்தவம். சதவீதத்தில் அவனுக்கு நஷ்டம் 49, எனக்கு 68. பி.காம். பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தால் ஐபோன்தான் சிறந்த முதலீடு என்று எழுதி மார்க் வாங்கலாம். ரூபாயில் பார்த்தால் அவனுக்குப் போனது 38,900, எனக்கு 8,499. சதவீதமாகச் சம்பளம் வாங்குகிறவர்கள் சதவீதம் பார்க்கலாம்டா என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, 'விக்க வேணாம், வெச்சிரு' என்று மட்டும் சொன்னேன். வைத்திருந்தால் இன்னும் நாலைந்து வருஷம் ஓடும் போன் அது. எக்ஸ்ஆர் விஷயத்தை அவனே எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தானே.

மறுநாள் காலை என் போனில் டிங் என்று ஒரு சத்தம். கணக்கில் 3,829 ரூபாய். தங்கையிடமிருந்து. தவணை 3,329; அபராதம் 500. அப்பா அவளிடம் சொல்லியிருக்கிறார். கூப்பிட்டேன். ஷிஃப்ட் முடிந்து தூங்கப் போகிற குரல்.

"பெரியண்ணா, இந்த மாசம் ஓவர்டைம் நிறைய. நீ குடுத்ததா சொல்லிக் கட்டிடச் சொல்லு. நான்னு சொல்லாத. சின்னண்ணா வருத்தப்படும்."

நான் கட்டினதாகவே சொன்னேன். தம்பி நம்பினான். 'உன்கிட்ட ஏதுண்ணா துட்டு?' என்று கேட்டதோடு சரி. பத்திரிகையிலிருந்து வந்தது என்றேன். (ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.) எழுத்தாளர்களுக்கு அவ்வளவு கொடுக்கிறார்களா என்று அவன் ஆச்சரியப்பட்டதில், தானும் எழுதலாமா என்று ஒரு யோசனைகூட அவனுக்கு வந்தது. நல்லவேளை, வந்த வேகத்தில் போய்விட்டது.

2025 தீபாவளிக்கு அவள் வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்ததும் தம்பி ஐபோனை அவள் முன்னால் தள்ளினான். எப்படியோ விஷயம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவுக்கு ரகசியம் என்றால் இரண்டு நாள் தங்காது.

"நீ வெச்சுக்கோ. உன் போன் நான் வெச்சுக்கறேன்."

"ஐயோ, வேணாம் சின்னண்ணா. பகல் பூரா அதைத்தான் பாக்கறேன். ராத்திரியும் அதேவா?"

"சும்மா வெச்சுக்கோடீ."

"உன் கணக்கு வழக்கெல்லாம் அதுல கீது. கடன்காரன் எனக்கு போன் பண்ணுவான்."

அப்பா சிரித்துவிட்டார். தம்பிக்கும் சிரிப்பு வந்தது. கடைசியில் அவள் ஐபோனை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, கவரைக் கழற்றி, ஓரத்தை ஒரு தரம் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள். அப்பா தோல் பார்க்கிற மாதிரியே. பிறகு கவரை மாட்டிவிட்டு, "அம்மா, இங்க வா. ஈரத் தலையோட உக்காரு, ஒரு போட்டோ," என்றாள்.

அம்மா, வடை தீய்ந்துவிடும் என்றாள்.